சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வீடு

அத்தியாயம் 11

கட்டாத வீட்டில் எப்படி உட்கார்ந்து பார்ப்பது?

போன வாரம் முழுக்க மருமகளின் மண்டையைக் குடைந்த கேள்வி இதுதான். மாமனாரின் நிலத்தில், குளத்தை ஒட்டி, அவள் பார்த்துப் பார்த்து ஒரு பண்ணை வீடு வரைந்து வைத்திருந்தாள். மாமியார் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "உக்காந்து பாத்தாதான்மா தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டார். "அவ வரலைன்னா நானும் வரல. நிலத்தை வித்துடலாம்" என்றார் மாமனார். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார் என்பதுதான் மருமகளின் தூக்கத்தைக் கெடுத்தது.

வீட்டுக்காரனைக் கேட்கலாம் என்றால் அவன் கப்பல் இன்ஜினியர். "அம்மா சொல்றதைக் கேளு, நீ நினைக்கறதைச் செய்" என்று நடுக்கடலிலிருந்து செய்தி அனுப்பியிருந்தான். இப்படி ஒரு பதிலைச் சொல்ல அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை.

அவன் கடலில் இருக்கும் மாதங்களில் டவுன் ஃபிளாட்டில் இவர்கள் மூவர்தான். மருமகள் வரைபடங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைப்பாள். மாமியார் அவற்றைச் சுருட்டி ஓரம் வைத்துவிட்டுத் தட்டு வைப்பார். பெரிய ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்தபின் அவள் தன் பெயரில் வரைந்த முதல் வீடு இது. மாமனார் மாமியாரின் ஓய்வுக்காலத்துக்கென்றே வரைந்தது. மழை, வெயில், பனி என்று எல்லாப் பருவத்திலும் அந்த நிலத்தில் போய் நின்று, காற்று எங்கிருந்து வருகிறது, மழைத்தண்ணீர் எந்த வழியாகக் குளத்துக்கு ஓடுகிறது என்று பார்த்துப் போட்ட வீடு. அங்கே நின்ற ஒரே ஒரு பெரிய மரத்தை வெட்ட மனசு வராமல் வராந்தாவையே வளைத்துவிட்டிருந்தாள்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. வீட்டைத் தரையிலேயே முழு அளவில் வரைந்துவிடுவது. முளையடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, நாற்காலி, ஸ்டவ், பாய் எல்லாம் கொண்டுபோய் ஒரு பகல் முழுக்க அதற்குள் குடித்தனம் நடத்துவது. சாயங்காலம் கொத்தனார் வருவார். அத்தை சரி என்றால் மறுநாள் அஸ்திவாரம். இல்லையென்றால் கொத்தனாருக்கு ஒரு டீயைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டியதுதான்.

"கோடு போடற வேலையை எங்கிட்ட விட்டுரு, இன்ஜினியரம்மா" என்றார் மாமனார்.

அவர் டெய்லர். கடையை மூடிய பிறகும் கழுத்தில் டேப் தொங்கும். 'நான் ஆர்க்கிடெக்ட், மாமா' என்று கல்யாணமான புதிதில் மருமகள் திருத்திப் பார்த்தாள். 'அப்படியா, இன்ஜினியரம்மா' என்றார். அதோடு விட்டுவிட்டாள்.

அளவுகளை ஒரு தடவை வாசித்துக் காட்டினாள். பாதி டவுனின் இடுப்பளவை மனப்பாடமாக வைத்திருந்த மனிதருக்கு ஒரு வீட்டின் அளவு எம்மாத்திரம். எழுத்தெல்லாம் இருந்தால் கண்ணைக் குழப்பும் என்று, வெறும் கோடுகளை மட்டும் டிரேசிங் தாளில் எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

*

அன்று காலை மாமனாரும் மாமியாரும் விடிந்ததுமே சாமான்களோடு வேனில் கிளம்பிவிட்டார்கள். மருமகள் கண்ணாடிக் கடைக்குப் போய், குளத்துப் பக்கச் சுவர் முழுக்கப் போடப் போகிற தடிமன் கண்ணாடியில் ஒரு துண்டை மாதிரிக்கு வாங்கிக்கொண்டாள். 'இதைப் போட்டா வெளிய இருக்கற சத்தம் ஒரு பொட்டு உள்ள வராதும்மா' என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். அதைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கும்போது வெயில் ஏறியிருந்தது.

தூரத்திலிருந்தே வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. மனசு குதித்தது. காகிதத்தில் விரல் நீளம் இருந்த அறைகள் இப்போது புல்லில் நிஜமாகக் கிடந்தன. குறுக்கே விறுவிறுவென்று நடந்தாள்.

"சுவத்து மேல நடக்காதம்மா" என்று ஒரு குரல் வந்தது. "வாசல் அந்தப் பக்கம் இருக்கு."

மாமனார் முட்டிவரை சுண்ணாம்பாக நின்றுகொண்டிருந்தார். மருமகள் மரியாதையாகச் சுற்றிப் போய், வாசல் என்று விட்டிருந்த இடைவெளி வழியாக நுழைந்தாள். நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே வந்தால் இடது கைப் பக்கம், குளத்தைப் பார்த்து, ஹாலும் சமையலறையும் இருக்க வேண்டும். இங்கே இடது கைப் பக்கம் குளியலறையும் சாமான் அறையும் இருந்தன. ஹாலும் சமையலறையும் வலது பக்கம், மண்பாதையைப் பார்த்துக் கிடந்தன. மாமியார் அங்கே ஸ்டவ்வை வைத்து, நாற்காலி போட்டு, பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். வெட்டாமல் காப்பாற்றிய அந்த மரம் இவர்கள் இருவரின் படுக்கையறைக்கு நட்டநடுவில் நின்றது.

"மாமா, கொஞ்சம் இப்படி வாங்க."

"என்னம்மா? கோடு கோணலா இருக்கா?"

"கோடெல்லாம் கத்தி மாதிரி இருக்கு. அந்தத் தாளை எப்படி வெச்சுப் பாத்துப் போட்டீங்க?"

"எப்படின்னா? கவுத்துப் போட்டுத்தான். துணியோட நல்ல பக்கத்துலயா யாராவது சாக்பீஸ் கோடு போடுவாங்க? எப்பவும் உள்பக்கம்தானே."

மருமகள் கண்ணை மூடித் திறந்தாள். டிரேசிங் தாளில் கோடு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். கவிழ்த்தால் வீடு இடம் வலம் மாறிவிடும். அவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலையை அவர் கை தானாகச் செய்திருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் மாமனார் டேப்பைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார்.

"அதான் பாத்தேன், மரம் பெட்ரூம்ல வருதேன்னு. இயற்கையோட சேர்ந்த வீடு, இயற்கையோட சேர்ந்த வீடுன்னு நீ சொல்லிட்டே இருந்தியா, இதுதான் போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்."

"சரி, ஆளுக்கொரு பக்கம் அழிச்சுட்டுப் போட்டா..."

"இன்னொண்ணும் சொல்லிடறேன். எல்லாச் சுவத்துலயும் தையலுக்குக் கொஞ்சம் விட்டிருக்கேன். பின்னால பிரிச்சுப் பெருசாக்கணும்னா ஆகும்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அந்த மனிதர் அதற்கு இடமே கொடுப்பதில்லை.

"இப்ப அழிக்காதம்மா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "அவ முகத்தைப் பாரு. காலைலேர்ந்து ஒரு முணுமுணுப்பு இல்ல. இதை அழிச்சா அந்த முகமும் போயிடும்."

மருமகள் திரும்பிப் பார்த்தாள். மாமியார் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார்.

*

மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரையெல்லாம் இணைத்துவிட்டவர். சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்கு 'ஹலோ' என்றுதான் பெயர். இன்றைக்கும் ஃபிளாட்டில் டிவி பார்க்கும்போது திரையைப் பார்க்க மாட்டார். வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்பார், அவ்வளவுதான்.

இந்த விவரமெல்லாம் தெரிந்திருந்தும் மருமகள் ஒரு வீட்டை முழுக்க முழுக்கக் கண்ணால் பார்ப்பதற்காக வரைந்திருந்தாள். கூடவே இருக்கிறவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பென்சில் எடுக்கும்போது மறந்து போகிறது.

"இப்ப போறது சங்கிலி தளர்ந்த சைக்கிள்" என்றார் மாமியார், திரும்பிப் பார்க்காமலே. "காலைல போனான், இப்பத் திரும்பறான். எண்ணெய் விடுடான்னு யாராவது சொல்லணும்."

பாதைக்கு அந்தப் பக்கம் செடி நாற்று வளர்த்து விற்கிற தோட்டம். அதன் சொந்தக்காரி வேலிக்கு அந்தப்புறம் நின்று, தன் வேன் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் நடுவில் ஒரு வார்த்தை சொன்னார். அவள் சிரித்தாள். டிரைவர்கூடச் சிரித்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் அவளுடைய தங்கை யாரைக் கட்டிக்கொண்டாள், அந்த வீட்டில் யாருக்கு யாரோடு பேச்சு வார்த்தை இல்லை என்பதுவரை மாமியாருக்கு அத்துபடி.

சோறு, பீன்ஸ், வேகவைத்த முட்டை என்று சமையல் எளிமையாக இருந்தது. மூவரும் சுண்ணாம்புக் கோட்டுக்குள் பாய் போட்டுச் சாப்பிட்டார்கள். தண்ணீர் எடுக்க எழுந்த மாமனார் மறந்துபோய்ச் சுவர் வழியாகப் போய்விட்டு, பாதி வழியில் நினைவு வந்து, திரும்பி வந்து வாசல் வழியாகப் போனார்.

"டவுன்ல இத்தனை வருஷமா இருக்கோம்" என்றார் மாமியார். "எதிர் ஃபிளாட்டுக்காரி பேரு எனக்கு இன்னும் தெரியாது. இங்க ஒரு காலைப்பொழுதுல எவ்வளவு தெரிஞ்சுக்கிட்டேன் பாரு."

"பிடிச்சிருக்கா, அத்தை?"

"உள்ளதைச் சொல்லட்டா? நான் பயந்துட்டுத்தான் வந்தேன். சுத்தி கண்ணாடி போட்டு, தண்ணியைப் பாத்துக்கிட்டு, ஈ காக்கா சத்தம் இல்லாம உக்காந்திருக்கணும்னு நினைச்சேன். இது அப்படி இல்ல. இந்த அடுப்படில உக்காந்தா ஊரே காதுக்குள்ள வருது. இங்க இருந்துடலாம்போல இருக்கு."

இந்த வார்த்தைக்காகத்தான் மருமகள் காத்திருந்தாள். மாமனார் முட்டையை வாயில் வைத்தபடியே அவளைப் பார்த்து, வாயைத் திறக்காதே என்று கண்ணால் ஜாடை காட்டினார்.

அவளும் திறக்கவில்லை. போர்வைக்குள் சுற்றிய கண்ணாடி, படுக்கையறை மரத்தில் சாய்ந்து நின்றது. அதை எடுத்துக் காட்ட அவளுக்குக் கை வரவில்லை.

*

பகல் சாயச் சாய, வெயில் பாதைப் பக்கத்திலிருந்து நேராகச் சமையலறைக்குள் இறங்கியது. மாமியார் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார். வெயில் விடவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். கடைசியில், நாற்றுத் தோட்டத்து மரங்களின் நிழல் விழுகிற முன்மூலையில் போய் நாற்காலி நின்றது.

மருமகள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். இந்தக் கோட்டின்படி கட்டினால் அத்தையின் சமையலறை தினமும் பிற்பகலில் அடுப்பில்லாமலே வேகும். குளம் சாமான் அறையின் முதுகைப் பார்த்துக் கிடக்கும். காற்று வருகிற பக்கமெல்லாம் மூடிய சுவர். சரி என்று ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது என்பதற்காக, தப்பு என்று தெரிந்த வீட்டில் இவர்களைக் குடிவைக்க அவளால் முடியாது. பொய் சொல்லிக் குடிவைத்தால் அந்த வீட்டுக்கு எந்த முகத்தோடு வந்து போவது?

பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொல்லிவிட்டாள்.

"அத்தை, இது நான் வரைஞ்ச வீடு இல்ல. மாமா தாளைக் கவுத்துப் போட்டுட்டாரு. சமையலறை அங்க, குளத்துப் பக்கம் வரணும்."

மாமியார் டீயை ஊதினார்.

"தெரியுமே."

"என்னது?" இது மாமனார்.

"பிளானைத்தான் பிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருக்காளே. தினமும் பால் எடுக்கறப்பல்லாம் அதைத்தான் பாக்கறேன். சமையலறை எந்தப் பக்கம்னு தெரியாதா? காலைல இவர் கவுத்துப் போடறப்பவே சொல்ல வாயெடுத்தேன். சரி, என்னதான் ஆகுதுன்னு பாப்போம்னு விட்டுட்டேன்."

"அடிப்பாவி" என்றார் மாமனார். "நான் காலைலேர்ந்து வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். முட்டை எப்படி இருந்துச்சுன்னுகூடத் தெரியல."

"நல்லாத்தான் இருந்துச்சு. மூணு தின்னீங்க."

மருமகளுக்கு மூச்சு வந்தது. அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. மூவரும் செருப்புக்காலால் தேய்த்துக் கோடுகளை அழித்தார்கள். ஹால் குளத்துப் பக்கத்துக்கே திரும்பிப் போயிற்று. மரம் படுக்கையறையிலிருந்து விடுதலை பெற்று, வளைந்த வராந்தாவின் நடுவே வந்தது. மருமகள் ஒரு குச்சியால் காட்டக் காட்ட, மாமனார் சுண்ணாம்பை விரலிடுக்கில் பிடித்து, துணியில் கோடு இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டே போனார்.

"சமையலறை மட்டும் பாதைப் பக்கமே இருக்கட்டும், அத்தை. இப்ப நாற்காலி கிடக்குதே, அந்த நிழல் மூலைல. ஹாலுக்கும் அதுக்கும் நடுவுல சுவர் வேண்டாம். குளத்துக் காத்து உள்ள வந்து உங்க அடுப்படி வழியா வெளில போகட்டும். அந்தப் பக்கம் கண்ணாடியும் வேண்டாம், வெறும் மர ஜன்னல். திறந்து வெச்சா சைக்கிள் சத்தம்வரைக்கும் கேட்கும்."

"உன் கண்ணாடி?"

"ஹால்ல பாதிக்குப் போட்டுக்கறேன். மீதி திறந்து கிடக்கட்டும்."

சொல்லும்போது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. முதலில் வரைந்த வீட்டைவிட இது நல்ல வீடு. மனசில் கிடந்த ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி இருந்தது.

"அந்த மூலைல ஒரு ரூம் இருந்துச்சே, இன்ஜினியரம்மா" என்றார் மாமனார், சுண்ணாம்புக் கையோடு நின்று. "அது எங்க போகும்?"

"அதை எடுத்துடலாம், மாமா. எங்களுக்குத்தானே போட்டது. எப்பவாவது வந்தா நாங்க ஹால்ல படுத்துக்கறோம்."

ரொம்பப் பெருந்தன்மையாகத்தான் சொன்னாள். மாமனார் டேப்பைச் சுற்றிக்கொண்டு குளத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மாமியார் டீத் தம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்.

"எப்பவாவதா?" என்றார்.

"இல்ல அத்தை, லீவுல, அவர் கப்பல்லேர்ந்து வர்றப்ப..."

"பிரிட்ஜ் கதவுல அதையும் பாத்தேன். கெஸ்ட் ரூம்னு போட்டிருந்துச்சு. யாரு அந்த கெஸ்டுன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். நமக்கு அப்படி வந்து தங்கற சொந்தம் யாரும் கிடையாது. அப்புறம்தான் புரிஞ்சுது."

மருமகளுக்குச் சுருக்கென்றது. பிளானில் வழக்கமாகப் போடுகிற பெயர்தான். போடும்போது கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"நான் தப்பா எதுவும் நினைச்சுப் போடல, அத்தை. ஃபிளாட்ல என் வேலை எந்நேரமும் உங்க சாப்பாட்டு மேசைலதான் கிடக்கு. ராத்திரி நேரம் கழிச்சு வரேன், உங்க தூக்கம் கெடுது. இங்க உங்களுக்கு நிம்மதியா இருக்கும்னு நினைச்சேன்."

"நிம்மதி வேணும்னு உங்கிட்ட யாரு கேட்டா?"

அதில் கோபம் இல்லை.

"சத்தம் இல்லாததை எப்படியாவது பழகியிருப்பேன்மா" என்றார் மாமியார். "நான் சரின்னு சொல்லாம இருந்தது அதுக்காக இல்ல. வீடு அழகா இருந்துச்சு. எங்க ரெண்டு பேரையும் அழகா கொண்டுவந்து வெச்சுட்டு நீ போயிடுவேன்னு தோணுச்சு. அதை எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. இவரைக் கேக்கச் சொன்னேன்."

"நானா? எனக்குக் கோடுதான் போடத் தெரியும்" என்றார் மாமனார், குளத்தைப் பார்த்தபடி.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். தன்னையும் இங்கே கூடவே வேண்டும் என்கிறார்கள் என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் உடனே தலையாட்டவும் முடியவில்லை. டவுனில் இப்போதுதான் இரண்டொருவர் வீடு வரைந்து தரச் சொல்லிக் கேட்டு வருகிறார்கள். அந்தப் பாதையில் பஸ் கிடையாது. கப்பலில் இருக்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அவள் இதுவரை தனக்கென்று ஓர் அறையை வரைந்ததே இல்லை. அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"நான் யோசிக்கணும், அத்தை" என்றாள். "சட்டுனு சொன்னா அது பொய்யாயிடும்."

"யோசி. நான் எத்தனை வாரம் யோசிச்சேன்."

பாதையில் மொபெட் வந்து நின்றது. கொத்தனார் இறங்கி, அழித்ததும் புதுசுமாகக் கலந்து கிடந்த கோடுகளைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். அவரும் வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார். மாமனாருக்கு அதில் பரம திருப்தி.

"என்னம்மா, காலைல ஆளைக் கூட்டிட்டு வந்துடட்டுமா?" என்றார் கொத்தனார். "இல்ல, இன்னும் பேசிக்கிட்டிருக்கீங்களா?"

மாமனார் மாமியாரைப் பார்த்தார். மாமியார் எழுந்து, புடவையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"வந்துடுங்க. நாங்க இங்க வரப்போறோம்."

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வாரமாக அவள் கேட்டுக் காத்திருந்த சரி, கொத்தனாரிடம் போகிறபோக்கில் சொல்லப்பட்டுவிட்டது.

"ஆனா மூணு பக்கம்தான் தோண்டணும்" என்றார் மாமியார்.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "மூணு பக்கம் மட்டும் தோண்டி யாரும்மா வீடு கட்டுவாங்க? நாலாவது பக்கம்?"

"அது எதுவரைக்கும் போகணும்னு என் மருமக இன்னும் சொல்லல."